டிக்கியில் இருந்த இரண்டு மூட்டைக் கேழ்வரகு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

இந்தத் தொடரில் எதை எதையோ எழுதிவிட்டேன். பட்டு முதலாளியிடம் டிரைவராகச் சேர்ந்ததை எழுதினேன். ஆற்றில் தண்ணீர் வந்த வருடத்தை எழுதினேன். ஒவ்வொரு வாரமும் நோட்டைத் திறக்கும்போது இந்த விஷயமும் வந்து வாசலில் நிற்கும். "நீ அப்புறம் வா" என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.

எட்டாவது வரைக்கும்தான் படித்தவன் நான். அம்மனைக் குறைத்துச் சொல்லிவிடுவேனோ என்று ஒரு பயம். என்னைக் கூட்டிச் சொல்லிவிடுவேனோ என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவே பேனா அப்படியே நின்றுவிடும்.

போன வாரம் என் மனைவி மல்லிகாதான் சொன்னாள்: "எழுதிடுங்க. நான் உயிரோட கீறப்பவே எழுதினா, தப்பா எழுதினத நானே திருத்தலாம் இல்ல?"

அம்மன் சாட்சியாக எழுதுகிறேன்.

நாற்பத்து மூன்று

விடியற்காலை. ஆரணியில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் சாயம் போட்ட பட்டு நூல் மூங்கிலில் தொங்குகிறது. அரக்கு நிறம். இருட்டில் அது கறுப்பாகத் தெரியும். கிழக்கு வெளுக்க வெளுக்க, யாரோ உள்ளேயிருந்து விளக்கு ஏற்றியது போலச் சிவந்துகொண்டே வரும். அதைப் பார்த்துக்கொண்டேதான் காரின் பின் கதவைத் திறந்து வைத்திருப்பேன்.

மல்லிகா என் தோளைப் பிடித்து, ஒரு காலை உள்ளே வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பின் சீட்டில் சாய்வாள். இரண்டு தலையணை முதுகுக்கு. ஒன்று இடுப்புக்கு. மடியில் ஒரு சின்னத் துணிப் பை. அதில் ஆஸ்பத்திரிச் சீட்டு, விபூதி, தண்ணீர்.

முதுகெலும்பை ஒட்டி ஒரு கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். வேர் எதுவும் தங்கிவிடக் கூடாது என்று கரண்ட் வைக்கச் சொன்னார்கள். கதிர் பாய்ச்சுவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம், வேலூரில். "நடுவுல நிறுத்தினா இதுவரைக்கும் வச்சதெல்லாம் வீணாயிடும்" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வேலூரிலேயே ரூம் எடுத்துத் தங்கலாம் என்றேன். மல்லிகா ஒத்துக்கொள்ளவில்லை. "சாயங்காலம் நம்ம ஊட்டு வெளக்க நான்தான் ஏத்தணும். அது ஒண்ணுதான் இப்ப என்னால முடியுது" என்றாள். அதனால் தினமும் காரிலேயே போய் வந்தோம்.

எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நாற்பத்து மூன்று வேகத்தடை. நான் எண்ணவில்லை. அவள்தான் எண்ணினாள். ஒவ்வொன்றும் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்வாள். "பத்து." "பதினொண்ணு." நான் எவ்வளவுதான் மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினாலும் பின் பக்கம் 'டக்' என்று ஒரு அடி அடிக்கும். கண்ணாடியில் அவள் முகம் சுருங்குவதைப் பார்ப்பேன். பிறகு கண்ணாடியைத் திருப்பிவிட்டேன். குரல் மட்டும் கேட்கும். "இருபத்தி ரெண்டு."

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை. வீடு வந்து சேர்ந்ததும் அவள் இறங்கவே இல்லை.

"இறங்குமே" என்றேன்.

"இருங்க." மடியிலிருந்த துணிப் பையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "நோவு என்னைக் கொல்லல. உங்க வண்டிதான் கொல்லுது. இனிமே நான் வர்ல. என்னை உட்ருங்க."

அழவில்லை. சத்தம் போடவில்லை. கடைக்காரரிடம் மிச்சம் வேண்டாம் என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

மூட்டை ஏறிய நாள்

ஆபரேஷனுக்கு முன்பே நான் ஒன்று நேர்ந்துகொண்டிருந்தேன். எங்கள் குலதெய்வம் அம்மன் கோயில் சந்தவாசலுக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில். ஆடி மூன்றாம் ஞாயிறு அங்கே கூழ் ஊற்றுவார்கள். மல்லிகா எழுந்து உட்கார்ந்தால் அந்த வருடக் கூழுக்கு இரண்டு மூட்டைக் கேழ்வரகு என் செலவு என்று வேண்டிக்கொண்டேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். மூட்டையும் வாங்கி வீட்டு நடையில் வைத்திருந்தேன்.

அந்தச் செவ்வாய் ராத்திரி முழுக்க மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "தாயே, உனக்குக் குடுக்க வேண்டியத நான் இன்னும் குடுக்கல. அதுக்கா இது?" என்று கேட்டேன்.

விடிந்ததும் மல்லிகாவின் காலைப் பிடிக்காத குறை. "இன்னிக்கு ஒரே ஒரு நாள் வாமே. திரும்பும்போது கண்ணமங்கலத்துல திரும்பி, கோயில்ல மூட்டையக் குடுத்துட்டு வந்துடலாம். அம்மா பாத்துப்பா."

"அம்மாவுக்காக வரேன். உங்களுக்காக இல்ல" என்று ஏறினாள்.

இரண்டு மூட்டையையும் டிக்கியில் ஏற்றினேன்.

கிளம்பினோம். முதல் வேகத்தடை. 'டக்' இல்லை. கார் ஒரு முறை தாழ்ந்து, ஒரு முறை எழுந்து, தண்ணீரில் விட்ட ஓடம் மாதிரி போனது. பின்னாலிருந்து "ஒண்ணு" என்றாள். இரண்டு. மூன்று. ஆறாவதுக்குப் பிறகு குரல் வரவில்லை.

கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் தூங்கிப் பார்த்து எத்தனை நாள் ஆகியிருந்தது! வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் விபூதி வியர்வையில் நனைந்து கரைந்திருந்தது. இரண்டு பக்கமும் வயல். மலை மேல் மேகம் படுத்திருந்தது. எனக்கு ரோடே தெரியவில்லை. எங்கோ மிதந்துகொண்டு போவது போல இருந்தது. ஸ்டீயரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போதும் தூங்கினாள். கண்ணமங்கலம் கூட்டு ரோடு வந்தது. சந்தவாசல் போக வலது பக்கம் திரும்ப வேண்டும். இண்டிகேட்டர் போட்டேன். அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் அவள் மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

மூட்டையை இறக்கிவிட்டால்?

இண்டிகேட்டரை அணைத்தேன். நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஊருக்குத் தெரிந்தது

மறுநாளும் மூட்டை டிக்கியில் இருந்தது. மறுநாளும் தூங்கினாள். அதற்கடுத்த நாளும்.

எனக்குச் சந்தேகமே இல்லை. கேழ்வரகு அம்மனுடையது. கேழ்வரகு இருக்கும் இடத்தில் அம்மன் இருக்கிறாள். அவளே பின்னால் உட்கார்ந்து மல்லிகாவின் முதுகைத் தாங்கிக்கொண்டு வருகிறாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சந்தோஷம் வந்தவனுக்கு வாய் மூடுமா? தெருவில் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன்.

ஒரு வாரத்தில் டிக்கி மேல் குங்குமம் வைத்தார்கள். யாரோ வேப்பிலை சொருகினார்கள். எதிர் வீட்டு நெசவாளர் வேலைக்குப் போகும்போது டிக்கியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். நான் டிக்கியைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன். ஸ்டெப்னி டயர்கூட மூட்டைக்கு அடியில்தான். பஞ்சரானால் என்ன செய்வது என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

கோயில் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளும் குப்பம்மாக்கா போன் செய்தாள்.

"தம்பி, கேவுரு எங்க? ஊற வைக்கணும், அரைக்கணும். உன்னை நம்பி வேற யார்கிட்டயும் கேக்கல."

"வண்டி ரிப்பேருக்கா. நாளைக்கு."

நாளைக்கு மறுபடி போன். "ரிப்பேரு." மூன்றாம் முறை அவள் சிரித்தாள். "ரிப்பேரான வண்டியிலதான் தெனம் வேலூர் போய் வரியா தம்பி? பஸ்ஸுல போற நம்ம ஜனம் பாத்துட்டு வந்து சொல்லுது. கொடுக்க மனசு இல்லனா சொல்லிடு, ஞாயித்துக்கிழமைக்கு ஆளக் கேக்கறேன்."

அம்மன் பெயரைச் சொல்லி அம்மனிடமே பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு மூட்டை வாங்கி இதற்குப் பதிலாகக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பெயர் சொல்லி நேர்ந்து எடுத்து வைத்ததை மாற்றக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கம். கொடுத்தால் மல்லிகா வரமாட்டாள். வராவிட்டால் வைத்தியம் பாழ். கொடுக்காவிட்டால் அது திருட்டு.

தவளை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கம்.

இந்தக் கார் என் பட்டு முதலாளி வைத்திருந்தது. பழைய வெள்ளை வண்டி, டிக்கி வைத்தது. அவர் புதுசு வாங்கியபோது எனக்கு விட்டுக்கொடுத்தார். அதை வைத்துச் சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போவதும் கல்யாணச் சவாரி போவதும்தான் பிழைப்பு.

என் மகளுக்கு நிச்சயதார்த்தம். தட்டு, பழம், பூ, எல்லாவற்றையும் டிக்கியில் அடைத்து, ஏழு பேர் நெருக்கி உட்கார்ந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். வாசலில் நின்ற மாப்பிள்ளையின் சித்தப்பா உரக்கச் சொன்னார்: "இன்னாங்க இது, சம்பந்தி வண்டி தவளை மாதிரி குந்திகினு வருது!" கூட்டமே சிரித்தது. பாரம் தாங்காமல் பின்பக்கம் தாழ்ந்து, முன் மூக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் சிரித்தேன். ஆனால் அது உள்ளே போய்த் தைத்துவிட்டது.

அடுத்த வாரமே வேலூர் ரோட்டில் ரஹீம் பாய் ஷெட்டுக்குப் போனேன். என் வயசுக்காரர். அந்தக் காரின் ஒவ்வொரு நட்டையும் அவருக்குத் தெரியும்.

"பாய், இருக்கறதுலயே கெட்டியான ஸ்பிரிங் போடுங்க. நடுவுல ரப்பரும் வைங்க. பத்து பேர் ஏறினாலும் வண்டி நிமிந்து நிக்கணும்."

"நிக்கும்ணே. ஆனா வெறும் வண்டியா போனா தூக்கித் தூக்கிப் போடும். முதுவு பேஜாராயிடும்."

"என் முதுவு இரும்பு பாய்."

போட்டார். கார் நிமிர்ந்து நின்றது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

என் முதுகைப் பற்றித்தான் நான் பேசினேன். பின் சீட்டில் ஒரு நாள் யார் உட்காருவார்கள் என்று நினைக்கவே இல்லை. அந்த ஸ்பிரிங் போட்டதையும் நாளடைவில் மறந்துவிட்டேன்.

பாய் கை வைத்த இடம்

கூழ் ஊற்றும் ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. காலையில் காரை எடுக்கும்போது, நின்ற இடத்தில், வலது பின் சக்கரத்துக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. வேலூர் போய்க் கரண்ட் வைத்துத் திரும்பும்போது கார் வழக்கத்தைவிட அதிகமாக ஆடியது. பயந்துபோய் நேராகப் பாய் ஷெட்டில் நிறுத்தினேன். மல்லிகா பின் சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

பாய் குனிந்து பார்த்தார். "ஷாக் அப்சார்பர் போயிடுச்சுண்ணே. எண்ணெய் பூரா ஒழுகிடுச்சு." எழுந்து டிக்கி மேல் இருந்த குங்குமத்தையும் வேப்பிலையையும் பார்த்தார். திறந்தார். "இன்னாண்ணே, கேவுரு வியாபாரம் ஆரம்பிச்சிட்டீங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். சிரிக்கவில்லை. அவரும் ஐந்து வேளை தொழுகிறவர்.

"நான் இந்த மூட்டைய எறக்கலாமாண்ணே?"

"வேணாம் பாய்!"

"கீழ வைக்க மாட்டேன். பாய் விரிச்சு அது மேல வைக்கறேன். உங்க சாமிக்குக் கொறச்சல் வராது."

தொழுகைப் பாய் இல்லை, புதுக் கோரைப்பாய் ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து வந்து விரித்தார். இறக்குவதற்கு முன்னால் டிக்கி மேல் இரண்டு கையையும் வைத்து மெல்ல ஒரு அழுத்து அழுத்தி விட்டார். கார் தாழ்ந்து எழுந்து ஆடியது.

"தங்கச்சி, எப்பிடி கீது?"

கண்ணைத் திறக்காமலே மல்லிகா சொன்னாள்: "தொட்டில் மாதிரி."

ஒரு மூட்டையை இறக்கினார். மறுபடி அழுத்தினார். "இப்ப?"

"பரவால்ல."

இரண்டாவதையும் இறக்கினார். கார் பின்பக்கம் மேலே எழும்பி, நிமிர்ந்து நின்றது. நான் ஆசைப்பட்டபடியே. மறுபடி அழுத்தினார். அசையவில்லை. உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டார். அப்போதும் அசையவில்லை. உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஸ்ஸ்... முதுவுல நேரா தட்டுது பாய்ண்ணா."

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இந்த ஸ்பிரிங் அஞ்சாறு பேருக்கும் மூட்டைக்கும்ணு நீங்க கேட்டு வாங்குனது. தங்கச்சி மாதிரி ஒல்லியா ஒரு ஆள் தனியா குந்தினா அதுக்கு யாரோ ஏறினதே தெரியாது. அசையாம நிக்கும். ரோட்டு அடி அப்பிடியே மேல போவும். மூட்டை ஏறினதும் அதுக்கு வேலை வந்துச்சு, வளைஞ்சு குடுத்துச்சு. ஷாக்ல எண்ணெய் வேற இல்ல, அதான் தொட்டில். ஆனா தொட்டில் ஆடறதும் ஆபத்துதாண்ணே. இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தா, ஒரு பெரிய பள்ளத்துல டமார்னு அடியில போய் மோதியிருக்கும். அன்னிக்கு இவங்க முதுவு..." முடிக்கவில்லை.

கோரைப்பாய் மேல் இரண்டு மூட்டையும் இரண்டு கிழவிகள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து உட்கார்ந்திருந்தன.

"அப்ப அம்மா இல்லயா பாய்?"

"அத என்னைக் கேட்டா? எனக்கு ஸ்பிரிங்தான் தெரியும்."

காருக்குள்ளிருந்து ஒரு சத்தம். மல்லிகா அழுகிறாளோ என்று ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். முதுகு வலிக்க வலிக்க, தலையணையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தவளைன்னு சொன்னதுக்கா? அந்த ஆளு சொன்னதுக்கா என் முதுவ ஒடச்சீங்க?"

"மன்னிச்சுடுமே."

"மன்னிக்கறது அப்பால. மொதல்ல பாய்ண்ணா இன்னா சொல்றாருன்னு கேளுங்க."

எது வேண்டும்

பாய் பழைய ஸ்பிரிங் ஒன்றைக் காட்டி, விரலை மடக்கிச் சொன்னார். மூன்று வழி. இதே கெட்டி ஸ்பிரிங்கை விட்டுவிட்டு ரப்பரை மட்டும் எடுக்கலாம். அரைகுறைதான். இல்லை, நடுத்தரமாக ஒன்று கிடைக்கும். கொஞ்சம் பாரமும் தாங்கும், கொஞ்சம் மெத்தென்றும் போகும். மூன்றாவது, இந்த வண்டி பிறந்தபோது போட்டிருந்த அதே அளவு, மெல்லிய கம்பி ஸ்பிரிங்.

"சில பேர் கெட்டி ஸ்பிரிங்கையே ஒரு சுத்து அறுத்துப் போடுவான். அது வேணாம். வண்டி தாழும், மெத்துனு போவாது. எதப் போட்டாலும் ஜோடியாப் போடணும். ஷாக்கும் ஜோடி. ஸ்பிரிங் சுமக்கும், ஷாக் அடக்கும். அடக்க ஆள் இல்லனா எவ்ளோ நல்ல ஸ்பிரிங்கும் குதிச்சிகினே இருக்கும்."

ஷாக்கிலும் இரண்டு. கேஸ் அடைத்தது, எண்ணெய் மட்டும் உள்ளது. "கேஸு விறைப்பா நிக்கும். ஓட்டறவனுக்கு அது சுகம். குந்தறவங்களுக்கு எண்ணெய்தான் சுகம்."

மல்லிகா உள்ளேயிருந்து சொன்னாள்: "நடுவுல இருக்கறதப் போடுங்க."

அவள் கணக்கு எனக்குத் தெரியும். மெல்லிய ஸ்பிரிங் போட்டால் சேலைக் கட்டு ஏற்ற முடியாது. ஏழு பேர் சவாரி கிடையாது. பின்பக்கம் தாழும், வேகத்தடையில் அடி உரசும்.

அவள் பாவு சேர்க்கிறவள். தறியில் பழைய பாவு தீரும்போது, அதன் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கும் வேலை. ஆயிரக்கணக்கில் இழை. இருபது வருடம் குனிந்தபடி உட்கார்ந்து செய்தாள். "இழுத்துக் கட்டினா அறுந்துடும், தளர உட்டா சிக்கிடும். எதுக்கும் நடுதான்" என்பது அவள் வாயில் எப்போதும் வரும்.

"இல்ல பாய். வண்டி பொறந்தப்ப இருந்ததையே போடுங்க. எண்ணெய் ஷாக்" என்றேன்.

"லோடு?" என்றார் பாய்.

"இவதான் இப்ப என் லோடு."

மல்லிகா தலையணையை இழுத்து முதுகுக்கு வைத்துக்கொண்டாள். "பாய்ண்ணா, இவரு சினிமாவுல பேசறாரு. ஜல்தியா போட்டு அனுப்புங்க" என்றாள்.

குந்திய வண்டி

அன்று மல்லிகாவை மெல்ல வீட்டில் இறக்கிவிட்டு, காரை மறுபடி ஷெட்டில் கொண்டுவந்து விட்டேன். சனிக்கிழமை காலை வேலூரிலிருந்து சாமான் வந்தது. மத்தியானத்துக்குள் பாய் மாட்டிவிட்டார். நைந்துபோன ரப்பர் புஷ்களையும் சேர்த்து மாற்றினார். டயரில் காற்றையும் குறைத்து அளவாக வைத்தார். டிக்கியை ஒரு முறை அழுத்திவிட்டார். தாழ்ந்தது, எழுந்தது, நின்றது. "ஒரே மூச்சு. இதான் அளவு" என்றார்.

கோரைப்பாயிலிருந்து மூட்டைகளை அவரே தூக்கி வைத்தார். வேப்பிலையை எடுக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

மல்லிகாவை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். மண் ரோடு. பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்க்க, கார் அப்படியே குந்திக்கொண்டு போனது. அடுப்படியில் பெண்கள் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையைத் தட்டிச் சிரித்தாள். "இங்க பாருங்கடி, தவள வருது!"

அதே சொல். எங்கிருந்து அவளுக்கு வந்தது? நான் காரை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த முறை எங்கும் தைக்கவில்லை.

குப்பம்மாக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ரிப்பேரு முடிஞ்சுதா தம்பி?"

"இன்னிக்குத்தான்கா முடிஞ்சுது" என்றேன். அவளிடம் சொன்ன முதல் உண்மை அதுதான். பிறகு அம்மன் முன்னால் விழுந்து மீதி உண்மையையும் சொன்னேன். நான் வைத்த பாரத்தை நீ சுமந்தாயா, உன் பாரத்தை வைத்து என்னைத் திருத்தினாயா என்று கேட்டேன். விளக்கு அசையாமல் எரிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

எண்ண மறந்தது

திங்கட்கிழமை விடியற்காலை. டிக்கி காலி.

ஏறும்போது மல்லிகா சொன்னாள்: "இன்னிக்கு நான் தூங்க மாட்டேன். தூங்கினா நீங்க அம்மன்னு சொல்லுவீங்க, பாய்ண்ணா ஸ்பிரிங்னு சொல்லுவாரு. ரெண்டு பேருக்கும் சண்டை. முழிச்சிகினே வந்து நானே பாக்கறேன்."

முதல் வேகத்தடை. கார் தாழ்ந்தது, எழுந்தது, நின்றது. பின்னால் மூச்சை இழுக்கும் சத்தத்துக்காகக் காதை வைத்திருந்தேன்.

"ஒண்ணு" என்றாள். சும்மா ஒரு குரல். வலி இல்லாத குரல்.

பத்து போயிற்று. பதினைந்து. கண்ணமங்கலத்துக்கு முன்னால் மலை மேல் வெயில் விழுந்தது. மழை பெய்த மறுநாள் என்பதால் மலை கழுவி வைத்த மாதிரி இருந்தது. பாறைகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன.

"ஏங்க, இந்த மலை இவ்ளோ கிட்டவா கீது?"

"எப்பவும் இங்கதான்மே கீது."

"நான் பாக்கவே இல்லயே. அங்க பாருங்க, ஆட்டுக்குட்டி. வெள்ளையா. உச்சியில நிக்குது." பிறகு, மகள் சின்ன வயசில் ஆட்டுக்குட்டி கேட்டு அழுததைச் சொன்னாள். எதிர் வீட்டுத் தறியில் ஏறியிருக்கும் புது நிறத்தைச் சொன்னாள். மாம்பழத்தோலின் உள்பக்க மஞ்சள் என்றாள். எழுந்து நடமாடியதும் அந்தப் பாவைத்தான் முதலில் தொடப்போகிறேன் என்றாள். கார் போவது போலவே இல்லை. ரோடுதான் அடியில் நழுவிப் போய்க்கொண்டிருந்தது. பேச்சுத்தான் எங்களைச் சுமந்துகொண்டு போனது.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன்.

"வந்துடுச்சா?" என்றாள். பிறகு கையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஐயோ, எண்ண மறந்துட்டேனே!"

இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்தேன். அவள் என் தோளைப் பிடிக்குமுன், நான் அவள் காலடியில், ரோட்டிலேயே, ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். "எழுந்திரிங்க, பாக்கறாங்க" என்றாள்.

மிச்சம் இருந்த வாரங்களில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. இன்று அவள் பாவு சேர்க்கப் போயிருக்கிறாள். முதுகுக்கு முட்டுக் கொடுத்த நாற்காலியில், அரை நாள் மட்டும்.

சொல்வதானால்

இரண்டு வருடம் முன்பு சேத்துப்பட்டில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் என் கதையை எனக்கே சொன்னார். ஆரணியில் ஒரு காரின் டிக்கியில் அம்மன் ஏறி உட்கார்ந்தாளாம். மூட்டை ஐந்து என்றார். ஸ்பிரிங் பேச்சே இல்லை. அதைக் கேட்டு அவருடைய சொந்தக்காரர் ஒருவர், இடுப்பு எலும்பு முறிந்த தாயாரை ஏற்றிக்கொண்டு, டிக்கியில் ஐந்து மூட்டை வைத்து ஓட்டியிருக்கிறார். பள்ளத்தில் கார் அடியோடு மோதி, அந்தத் தாயார் அலறிய அலறலை இலைக்காரர் பாயசம் குடித்துக்கொண்டே சொன்னார். நான் பாதி இலையில் எழுந்துவிட்டேன். அப்போதும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அதற்கு அந்தத் தாயார் என்னை மன்னிக்க வேண்டும்.

தெள்ளார் பக்கம் வேறு மாதிரி சொல்கிறார்களாம். ஒரு முட்டாள் டிரைவர், கெட்டி ஸ்பிரிங், புத்திசாலி மெக்கானிக். அதில் அம்மனும் இல்லை, கேழ்வரகும் இல்லை. அந்த மூட்டை ஏறாமல் இருந்திருந்தால் மல்லிகா அந்தப் புதன்கிழமையே நின்றிருப்பாள் என்பதை அவர்களிடம் யார் சொல்வது?

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்வீர்கள். சொல்லுங்கள். வலியோடு பின் சீட்டில் படுத்திருக்கும் யாருக்காவது அது போய்ச் சேரட்டும். ஆனால் தவளையை விட்டுவிடாதீர்கள். அது என் வெட்கம்தான், இருக்கட்டும். பாய் விரித்த கோரைப்பாயை விட்டுவிடாதீர்கள். நான் அணைத்த இண்டிகேட்டரையும்.

இங்கே எழுதியிருப்பதை இங்கே எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். ஒரு மூட்டையைக் கூடுதலாக ஏற்றவும் வேண்டாம், ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றவும் வேண்டாம்.